வாடை போகும் வரை

மூக்கய்யா வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றமாட்டார். வாசற்படியில் நின்று, கண்களை மூடி, தலையைச் சற்றே உயர்த்தி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுப்பார். அந்த மூச்சு வெளியே வருவதற்குள் அன்றைய பகலில் வீட்டில் நடந்த அத்தனையும் அவருக்குத் தெரிந்துவிடும். எந்தக் காய் வெந்தது, எவ்வளவு குழைந்தது, மூடியைத் திறந்து வைத்தாளா, ஜன்னலைத் திறக்க மறந்தாளா, தீய்ந்த பாத்திரத்தை எதைப் போட்டுத் தேய்த்தாள் என்பது வரைக்கும். பிறகு கண்ணைத் திறப்பார். தீர்ப்புச் சொல்வார். அதற்கப்புறம்தான் செருப்பு.

அதுவரை அவர் மனைவி கூடத்தின் நடுவில் ஈரத்துணியில் கையைத் துடைத்தபடி, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல நின்றுகொண்டிருப்பாள்.

அவருக்குச் சோப்புத் தொழிற்சாலையில் வாசனை பார்க்கும் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. நேரில் மரியாதையாகவும் முதுகுக்குப் பின்னால் சிரிப்பாகவும் 'மூக்கய்யா' என்பார்கள். காகித நாடாக்களில் தோய்த்துத் தரும் வாசனைகளை அவர் வரிசையாக மோந்து பார்த்து, இது சரி, இது தள்ளு என்று சொல்லவேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூக்கில் தங்கிய வாசனையைத் துடைத்துவிட வேண்டுமே, அதற்கு அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சட்டைக்கையை மேலேற்றி, முழங்கையின் உள்மடிப்பில் முகம் புதைத்துத் தன் தோலையே மோந்துகொள்வார். தன் உடம்பின் வாடை தனக்குத் தெரியாது. ஆகவே அது ஒன்றுமில்லாத இடம். அங்கே போய்த் திரும்பினால் தராசு முள் நடுவுக்கு வந்து நிற்பதுபோல மூக்கு நிலைக்கு வந்துவிடும். அந்த மடிப்பில் வீட்டு வாடை ஒரு துளி ஏறினாலும் பிழைப்பே போய்விடும் என்பது அவர் பயம். அந்தப் பயத்தைக் கோபமாகத்தான் அவர் வெளியே எடுப்பார். அவரிடம் இருந்த எல்லாமே கோபமாகத்தான் வெளியே வந்தன.

இத்தனைக்கும் அந்தக் காய்கள் வெந்தது அவருக்காகவே. வயிற்றில் புண். காரமும் எண்ணெயும் ஆகாது, காய்களை வேகவைத்துச் சாப்பிடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும் முள்ளங்கியும்தான் வயிறு ஏற்றுக்கொண்டன. வயிறு ஏற்றதை மூக்கு ஏற்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் அவள்.

அவளும் செய்யாத வித்தை இல்லை. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே காயைப் போட்டாள். முதல் கொதி அடங்கும் வரை மூடாமல் வைத்து, குழைவதற்கு முன்பே இறக்கினாள். காலிஃப்ளவர் வேகும் நீரில் கொஞ்சம் பால் விட்டாள். அடுப்பின் பக்கத்தில் ஒரு கிண்ணம் வினிகர் வைத்தாள். எலுமிச்சைத் தோலைத் தனியே கொதிக்கவிட்டாள். முக்கால்வாசி வாடை போயிற்று. மிச்சம் கால்வாசியை அவர் வாசற்படியில் நின்று பிடித்துவிடுவார்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சமையலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

பொருத்த வந்த தச்சர் உளியைக் கையில் பிடித்தபடி கேட்டார். "எல்லாரும் உள்பக்கம்தான் கேப்பாங்க. நீங்க வெளிப்பக்கம் கேக்கிறீங்களே சார், உள்ள புலி எதுவும் வளர்க்கிறீங்களா?"

மனைவி சிரித்துவிட்டாள். வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்தது அதுவே கடைசி.

அன்று முதல் அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் காய் வேகும்போது அவள் உள்ளே, தாழ்ப்பாள் வெளியே. வாடை முழுவதும் ஜன்னல் வழியே வெளியேறும் வரை கதவு திறக்கக்கூடாது. அவர் தரையில் மண்டியிட்டு, கதவின் அடியிடுக்கில் மூக்கை வைத்து இழுத்துப் பார்ப்பார். "இன்னும் இருக்கு" என்பார். மறுபடி வந்து இழுப்பார். "இன்னும் இருக்கு." உள்ளே அவள் புழுக்கத்தில் வேர்த்து ஊறி உட்கார்ந்திருப்பாள்.

ஒருமுறை வந்து தங்கிய மனைவியின் அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு நாக்கில் நரம்பு கிடையாது.

"மாப்பிள்ளை, ஒரு நரிக்குத் தன் குகை நாறுதுன்னு கோபமாம். தின்ன எலும்பை எல்லாம் தூக்கி வெளிய போட்டுச்சு. போகல. படுத்த புல்லைப் போட்டுச்சு. போகல. கூட இருந்த பெண் நரியையும் வெளிய தள்ளுச்சு. அப்பவும் போகல. கடைசில எதேச்சையா தன் வாலைத் திருப்பி மோந்து பார்த்துச்சாம்."

"என்ன சொல்ல வர்றீங்க அண்ணி?"

"கதை சொன்னேன். மூக்கு இருக்கிறவங்களுக்கு விளங்கும்."

அவர் அன்று இரவு சாப்பிடவில்லை. அக்கா ஊருக்குப் போன பிறகு அந்தக் கோபத்தையும் சேர்த்து மனைவியிடம் தீர்த்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு மாலை அவர் வாசற்படியில் நின்று மூச்சை இழுத்தபோது, எதுவும் வரவில்லை.

வாடை குறைந்திருந்தது என்றால் மகிழ்ந்திருப்பார். இது அதுவன்று. காற்று வந்தது; காற்றுக்குள் ஒன்றும் இல்லை. சுவரின் சுண்ணாம்பு, நாற்காலியின் பழைய பஞ்சு, செருப்புத் தோல், மூலையில் காயும் துணியின் ஈரம் என்று வீட்டுக்கு வீடு இருக்கும் அந்த அடிமணம்கூட இல்லை. கழுவித் துடைத்த கண்ணாடியை மோந்ததுபோல் இருந்தது. முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"சமைக்கலையா நீ?"

"சமைச்சாச்சுங்க. காலிஃப்ளவர்."

"பொய் சொல்லாதே."

அவள் மேசைக்குப் போய் மூடியைத் தூக்கினாள். வெண்மையாக ஆவி எழுந்தது. அவர் குனிந்தார். மூக்கு நுனி வெந்த பூவில் இடிக்கும் வரை குனிந்தார். சூடு தெரிந்தது. ஈரம் தெரிந்தது. அவ்வளவுதான்.

"என்ன பண்ணினே?"

"நீங்க சொன்னதைத்தான். வாடை போகணும்னீங்க. போயிடுச்சு."

சட்டைப்பையில் இருந்த சோப்புத் துண்டை எடுத்து மோந்தார். ரோஜா, நிறைவாக, வழக்கம்போல. மூக்கில் பழுது இல்லை. அப்படியானால் நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேட்டது கிடைத்துவிட்டது, குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாத அந்த மாலை அவருக்கு எப்படியோ தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

படுக்கையில் அவள் பக்கத்துத் தலையணையை இழுத்து மோந்தார். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் மணம் இத்தனை வருடமாக அதில் ஊறியிருந்தது. இப்போது கடையில் வாங்கிய பஞ்சைவிட வெறுமையாக இருந்தது.

அதன் பிறகு அவள் இருக்குமிடம் அவருக்குத் தெரியாமல் போகத் தொடங்கியது. கண்ணால் பார்க்காமலே அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று அவருக்கு எப்போதும் தெரிந்திருந்தது; அதை மூக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அது நின்றபின்தான் விளங்கியது. யாருமில்லை என்று நினைத்துத் திரும்புவார். கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீர் டம்ளரை நீட்டியபடி, அவள்.

"ஏன் பூனை மாதிரி வர்றே? மனுஷனை மிரட்டவா?"

"எப்பவும் போலத்தாங்க வர்றேன். உங்களுக்குத்தான் தெரியல."

மாடி வீட்டு நாய் ஒன்று. காய் நறுக்கும் வேளையில் அவள் போடும் தண்டுக்காக வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடி வரும். அவர் வீட்டில் இருந்த ஒரு நாளும் அப்படி வந்தது. அவள் குனிந்து தண்டை நீட்டினாள். நாய் அவள் பாதத்தை மோந்தது. உள்ளங்கையை மோந்தது. பிறகு அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தது. கூடத்துக்குள் போய்த் தேடியது. கதவுக்குப் பின்னால் தேடியது. திரும்பி வந்து, அவள் காலடியிலேயே நின்றுகொண்டு, அவளைக் காணாமல் மெல்லிய குரலில் அழுதது.

அவர் அந்த நாயை எட்டி உதைத்தார். ஏன் உதைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாததற்கும் அவள்மேல் கோபம் வந்தது.

மறுநாள் தொழிற்சாலையில் முதல் நாடாவை மோந்துவிட்டு, பழக்கப்படி சட்டைக்கையை ஏற்றி, முழங்கை மடிப்பில் முகம் புதைத்தார்.

முட்டைக்கோஸ்.

தலையைத் தூக்கினார். சுற்றிலும் பார்த்தார். மறுபடி புதைத்தார். வெந்து குழைந்த முட்டைக்கோஸ். அதன் அடியில் எலுமிச்சைத் தோல். அதற்கும் அடியில் தலை எண்ணெய், ஈரத்துணி, அடுப்புப் புழுக்கத்தில் வேர்த்த ஒரு கழுத்து. குளியலறைக்குப் போய்த் தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவினார். அந்தத் தொழிற்சாலையில் சோப்புக்கா பஞ்சம்? கழுவக் கழுவ அது தெளிவானதே தவிர, போகவில்லை. ஒன்றுமில்லாத இடம் என்று அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். அதில் இப்போது ஆள் இருந்தது.

அன்று அவர் மோந்த நாடா எல்லாவற்றிலும் அது இருந்தது. எல்லாவற்றையும் தள்ளினார். மேலாளர் வந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார்.

"ரோஜாவில முட்டைக்கோஸா? என்ன மூக்கய்யா, வீட்டுல சண்டையா?"

பின்னால் யாரோ கொல்லென்று சிரித்தார்கள்.

"சிரிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல சார். இருக்கு. நான் சொல்றேன், இருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. போய் நல்லா ஓய்வெடுங்க. மூக்கு சரியானதும் வாங்க. ஆகலைன்னா அப்புறம் பேசிக்கலாம்."

அந்த 'அப்புறம்' அவர் காதில் ஈயமாக இறங்கியது. நடுப்பகல் வெயிலில் வீடு வரைக்கும் நடந்தார். நடக்கும்போதே அவளுக்கான வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டு வந்தார். வாசற்படியில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றவில்லை. நேரே சமையலறைக்குள் புகுந்தார்.

அவள் பலகையில் முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சட்டைக்கையை ஏற்றி, கையை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"மோந்து பார். நீ என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்னு மோந்து பார்!"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். குனிந்தாள். அவருடைய முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து நிதானமாக, நீளமாக இழுத்தாள். வெகுநாட்களாகச் சுண்ணாம்புச் சுவர்போல் இருந்த அவள் முகம் கொஞ்சம் இளகியது; கன்னத்தில் நிறம் வந்தது.

"இங்கயா இருக்கு" என்றாள். "எங்க போச்சுன்னு தேடிட்டே இருந்தேங்க."

"எது?"

"என்னோடது."

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இழுத்ததும் அவள் முகம் மறுபடி வெளிறியது.

"குடுத்துடுங்க" என்றாள். சண்டைக்காரக் குரல் இல்லை. கெஞ்சலும் இல்லை. "என்கிட்டயே குடுத்துடுங்க. அது இல்லாம என்னால இருக்க முடியல."

அவருக்கு முதுகு சில்லிட்டது. அந்தச் சில்லிப்பையும் வழக்கம்போலக் கோபமாக மாற்றிக்கொண்டார்.

"என் பிழைப்பையே கெடுத்துட்டு பேச்சு வேறயா? சமைச்சு முடி. வாடை முழுசா போற வரைக்கும் வெளியே வராதே. ஒரு துளி இருந்தாலும் திறக்கமாட்டேன்."

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார்.

உள்ளே தண்ணீர் விழும் ஓசை. அடுப்பு பற்றும் ஓசை. கொதியின் முணுமுணுப்பு எழுந்து, பாத்திரத்தின் விளிம்பைத் தட்டி, அடங்கி, மறுபடி எழுந்தது. கரண்டி ஒருமுறை உரசியது. அடியிடுக்கு வழியே வாடை வந்தது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு, அடர்த்தியாக, கந்தகம் கலந்த பழைய வாடை. அவர் மண்டியிட்டு இழுத்தார். "இன்னும் இருக்கு" என்றார். மறுபடி இழுத்தார். "இன்னும் இருக்கு." வாடை மெலிந்தது. கரண்டி ஓசை நின்றது. மறுபடி இழுத்தார். அவள் மூச்சு விடுவது இடுக்கு வழியே கேட்டது, மெலிந்து, நூலாக. அவர் சொன்னதையே சொன்னார். இன்னொரு முறை இழுத்தார்.

ஒன்றும் இல்லை.

எழுந்து தாழ்ப்பாளை நீக்கினார்.

அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரத்தில் இருந்து ஆவி இன்னும் எழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகள் அப்படியே, தூசியோடு. ஆணியில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. பலகைமேல் கத்தி. வினிகர்க் கிண்ணம் அசைவற்று. சமையலறை அத்தனை சுத்தமாக இருந்தது.

அவள் இல்லை.

மேசைக்கு அடியில் பார்த்தார். அலமாரிக் கதவுகளைத் திறந்து பார்த்தார், ஓர் ஆள் ஒளியவே முடியாத அலமாரிகளை. கூப்பிட்டார். அதட்டினார். கடைசியில் மனைவியின் அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினார்.

"உங்க தங்கச்சி அங்க வந்தாளா அண்ணி?"

"இந்த ஊருக்கு அவ ரயில்ல வரணும் மாப்பிள்ளை. கதவைத் தாண்டவே நீங்க விடமாட்டீங்களே, ரயில் ஏற எங்க விட்டீங்க?"

"கிண்டல் பண்ணாதீங்க. அவளைக் காணோம்."

மறுமுனைக் குரலில் இருந்த கிண்டல் வடிந்துவிட்டது. "கடைசியா எங்க பார்த்தீங்க?"

"சமையலறையில. நான்தான் உள்ள விட்டுத் தாழ்ப்பாள்..."

"அப்போ அங்கயே தேடுங்க. நாளைக்கு வரேன். நான் வரும்போது என் தங்கச்சி அந்த வீட்டுல இருக்கணும். இல்லைன்னா அந்தத் தாழ்ப்பாளைப் பிடுங்கி உங்க கையில குடுத்து, ஊரைக் கூட்டி, எதுக்கு வச்சீங்கன்னு கேப்பேன்."

தொலைபேசியைத் தூக்கி எறிந்தார். அவள்மேல் கோபம். அக்காமேல் கோபம். தாழ்ப்பாள் செய்த தச்சன்மேல், காயைத் தின்னச் சொன்ன மருத்துவர்மேல், சிரித்தவன்மேல். வினிகர்க் கிண்ணத்தைச் சுவரில் அடித்தார். சிதறி ஓடிய வினிகரில்கூட நெடி இல்லை. கோபப்பட ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இப்போது அவர் மட்டுமே இருந்தார். அந்தக் கோபம் போக வேறு இடமின்றி, தேடிச் சுற்றி, கடைசியில் சரியான ஆளிடம் வந்து நின்றது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கை மடிப்பில் முகம் புதைத்தார். அவள் அங்கே இருந்தாள். எண்ணெயும் எலுமிச்சையும் வேர்வையுமாக, முழுதாக. அவள் கேட்டது இதைத்தான். அவரோ அப்போது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

வாடையைப் போக்கியதால் போனவள், வாடை வந்தால் வருவாள் என்று அவருக்குத் தோன்றியது.

பலகையில் மிச்சமிருந்த பாதி முட்டைக்கோஸைத் தானே நறுக்கினார். கோணலும் மாணலுமாக. அவள் கற்றுவைத்திருந்த அத்தனை வித்தையையும் தலைகீழாகச் செய்தார். ஜன்னலை இறுகச் சாத்தினார். பச்சைத் தண்ணீரிலேயே காயைப் போட்டார். மூடியால் அழுத்தி மூடினார். பால் இல்லை, எலுமிச்சை இல்லை. குழையவிட்டார். குழைந்த பிறகும் அடுப்பை அணைக்கவில்லை.

"தப்பு என்னுதுதான்" என்று ஆவியிடம் சொன்னார். "எனக்காகத்தான் சமைச்சே. எனக்காகத்தான் வெந்தே. நான் ஒரு நாள்கூட நல்லா இருக்குன்னு சொல்லல. வந்துடு. இனிமே வாசல்ல நிக்கமாட்டேன். வந்துடும்மா."

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, எங்கோ ஓர் இழை. பிறகு ஒரு கீற்று. பிறகு சமையலறை நிறைய, சுவர் நிறைய, கண் எரிய, அந்த நாற்றம். மூச்சுக் குழலை அடைக்கும் நாற்றம். அவர் அழுதார். சிரித்தார். வாயைத் திறந்து அதைக் குடித்தார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

தாழ்ப்பாள் விழுந்தது. வெளிப்பக்கம்.

பிறகே அவர் கதவை நோக்கித் திரும்பினார். அடியிடுக்கில் மாலை வெளிச்சம் ஒரு கோடாகக் கிடந்தது. அந்தக் கோட்டின் நடுப்பகுதி இருண்டது. யாரோ மண்டியிடுகிறார்கள். முழங்கால் தரையில் பதியும் ஓசை. துணியின் சரசரப்பு.

ஒரு மூச்சு. உள்ளே இழுக்கும் மூச்சு. நிதானமாக, நீளமாக.

பாத்திரத்தின் ஆவி மேலே போகாமல் வளைந்தது. தரையோடு தவழ்ந்து இடுக்கை நோக்கிப் போனது.

கதவைத் தட்ட ஓங்கிய கையை அவர் பாதியில் நிறுத்தினார். எத்தனை முறை அவள் இந்தப் பக்கம் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் இருக்கு" என்றது குரல். அவளுடைய குரல். வார்த்தை அவருடையது.

அவர் தரையில் படுத்தார். சட்டைக்கையை மேலேற்றினார். முழங்கை மடிப்பை இடுக்கோடு ஒட்டி வைத்தார். இந்த முறை இழுத்துக்கொள்ளவில்லை.

"எடுத்துக்கோ. உன்னோடதுதான். எடுத்துக்கோ."

மூச்சு இழுத்தது. எண்ணெய் போயிற்று. எலுமிச்சை போயிற்று. வேர்வை போயிற்று. அப்பால் ஈரமாக, நிறைவாக ஒரு பெருமூச்சு கேட்டது. உயிருள்ள பெண்ணின் பெருமூச்சு.

கையைத் தன் முகத்தருகே கொண்டுவந்து மோந்தார். ஒன்றும் இல்லை. வேலைக்குத் திரும்பிவிடலாம் என்னும் அளவுக்குத் துல்லியமான ஒன்றுமில்லாமை.

கதவு திறக்கவில்லை.

இடுக்கு மறுபடி இருண்டது. அவருக்குத் தன் வாடை தெரியாது. ஆனால் அது இருக்கிறது. ஒரு துளி இருக்கும் வரை கதவு திறக்காது.

அடுத்த மூச்சு இழுக்கத் தொடங்கியது.